சோதனைச் சாவடியில் எங்கள் தெருக் குப்பை

நான் முதுகலைக்கு எடுத்த பாடத்தின் முழுப் பெயர் சுற்றுச்சூழல் மற்றும் கழிவு மேலாண்மை. ஞாயிறு ஆராதனைக்குப் போகும் சபையில் யார் விசாரித்தாலும் அம்மா முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வாள். "பிள்ள என்வயர்மென்ட் படிக்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் கேட்டவரின் மருமகளுக்கு எத்தனையாவது மாதம் என்று திருப்பிக் கேட்டுவிடுவாள். அப்பாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. நெய்யாற்றின்கரையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களைப் பலகையில் உள்ள எழுத்துகளை வாசிக்கச் சொல்லிக்கொண்டே, "எனக்க மக வேஸ்ட்டு படிக்கா. அதுக்கும் எம்மெஸ்ஸி உண்டு கேட்டியளா" என்பார். ஒற்றைக் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருப்பவர் என்ன பதில் சொல்ல முடியும்.

எங்கள் வீடு கேரளத்தில், உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு சிறு தெருவில். கல்லூரி எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில். தினமும் காலையில் மலையாளத்தில் டிக்கெட் கேட்டு ஏறி, தமிழில் இடம் கேட்டு உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடம் ஆய்வுக்குத் தலைப்பு எடுக்க வேண்டும். கூடப் படித்தவர்களெல்லாம் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு, மருத்துவமனைக் கழிவு, தோல் தொழிற்சாலை என்று பெரிய பெரிய இடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பேராசிரியர் குள்ளமான மனிதர். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். அது ஆய்வறிக்கையாக இருந்தாலும் சரி. அவர் என்னிடம், "நீ ஏம்மா அவ்வளவு தூரம் போகணும்? உங்க தெருவுல குப்பை இல்லையா?" என்றார்.

இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் குப்பை என்பது சொந்த விஷயம். கழுவிய பிளாஸ்டிக்கை மட்டும் பச்சைச் சட்டை போட்ட அக்காமார் மாதம் ஒருமுறை வந்து வாங்கிப் போவார்கள். மற்றதெல்லாம் அவரவர் வாழை மூட்டுக்கும் தென்னை மூட்டுக்கும் உரமாகப் போய்விடும். அதை ஒரு வாரத்துக்கு என்னிடம் தரச் சொல்லி வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஈரமானதுக்கு ஒரு கவர், காய்ந்ததுக்கு ஒரு கவர், இரண்டிலும் வீட்டு எண். காலையில் நான் வந்து எடுத்துக்கொள்வேன். யாரும் மறுக்கவில்லை. ஒரு தெருவே இவ்வளவு எளிதாகச் சம்மதித்ததில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் நாள் கவர்களைக் கொல்லையில் தார்ப்பாயில் கொட்டினேன். எதிர்வீட்டு டீச்சர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அவர் கவரில் பால் பாக்கெட்டுகள் கழுவி, உலர்த்தி, நான்காக மடித்து, ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. ஈரக் கவரில் ஆப்பிள் தோலும் மாதுளைத் தோலும் தவிர வேறெதுவும் இல்லை. அந்த வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தாலொழிய ஆப்பிள் வந்து நான் பார்த்ததில்லை. டீச்சருக்கு அடுத்த வீட்டு அண்ணனுக்கு அம்பூரியில் ரப்பர்த் தோட்டம் உண்டு. மாலையானால் தோட்டத்தைப் பற்றி உரக்கப் பேசுவார், கொஞ்சம் குழறியும் பேசுவார். அவர் வீட்டுக் கவரில் ஓட்ஸ் டப்பா, பாதாம் உறை, ஒரு ஆங்கில நாளிதழ். தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, மடிப்பு அப்படியே இருந்தது.

எங்கள் வீட்டுக் கவரும் கொஞ்சமும் குறையவில்லை. கேரட் தோல், பீட்ரூட் தோல், ஒரு பிடி முருங்கைக் காம்பு.

"நம்ம வீட்டுல முருங்கக்கீர எப்பம் வச்சம்மா?" என்றேன்.

"நீ காலேஜுக்குப் போன சமயம்."

"ராத்திரி எனக்கு மிச்சம்கூட வைக்கலியே."

"சத்துள்ள சாதனம் மிஞ்சுமா மக்கா?" என்றாள் அம்மா, முகம் மாறாமல்.

இப்படியே ஒரு வாரம் போனது. நாளுக்கு நாள் தெருவின் குப்பை உயர்ந்துகொண்டே வந்தது. கிவிப் பழத் தோல் வந்தது. டீச்சர் வீட்டுக் கவரில் கிவி கண்ட மறுநாள் அண்ணன் வீட்டுக் கவரில் டிராகன் பழம். எனக்கு உறுத்தியது வேறொன்று. பொழியூர்ப் பக்கத்திலிருந்து மீன்காரச் சேச்சி தினமும் ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவார். அவர் வராத நாளில்தான் தெருவில் வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும். அப்படிப்பட்ட தெருவில் ஏழு நாளும் ஒரு முள் விழவில்லை. இதைச் சேச்சியிடம் சொன்னேன்.

"அப்பம் நான் விற்ற சாளையெல்லாம் எங்க போச்சு? பறந்து போச்சா?" என்று கேட்டுவிட்டு அவர் டீச்சர் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தார். டீச்சர் சட்டியோடு வந்தார்.

பேராசிரியர் என் அட்டவணையை முகர்ந்து பார்த்தார். பிறகு வாசித்தார்.

"உங்க தெருவுல எல்லாரும் நோயாளிங்களாம்மா?"

"இல்ல சார்."

"கடல் எவ்வளவு தூரம்?"

"பக்கம்தான் சார்."

"மீன் முள் எங்க?"

அட்டவணையை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "இது குப்பை இல்ல, கொலு," என்றார். "திரும்ப எடு."

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் யோசித்தேன். தெருவைக் குறை சொல்ல முடியாது. எண் போட்ட கவரில் தன்னைப் பற்றி நல்லதாக நாலு தோல் போட யாருக்குத்தான் தோன்றாது? ஆகவே இரண்டாவது முறை எண்ணை எடுத்துவிட்டேன். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கறுப்புக் கவர். நான் வாசலுக்கு வரமாட்டேன். எங்கள் கேட்டின் பக்கம் பெரிய சாக்குகள் தொங்கும், யாரும் பார்க்காதபோது கொண்டுவந்து போடலாம். மறுபடியும் வீடு வீடாகப் போய், "இனி யாரு வீட்டு வேஸ்ட்டுன்னு எனக்கும் தெரியாது. எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்கிட்டாக்கும் பாப்பேன்" என்று சொன்னேன்.

"ஒண்ணாவா?" என்றார் ரப்பர் அண்ணன். "டீச்சர் வீட்டதையும் சேத்தா?"

"எல்லாரு வீட்டதையும் சேத்துதான்."

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் அதற்கு முன் கிறிஸ்துமஸ் ஆராதனையில்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த நாள் காலையில் சாக்குகள் நிறைந்து வழிந்தன. ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த தெரு மொத்தமாக மூச்சு விட்டதுபோல் இருந்தது. மீன் தலை, கோழி எலும்பு, தின்னாமல் கொட்டிய சோறு, பூசணம் பிடித்த புட்டு. காய்ந்ததில் நூடுல்ஸ் உறை, தலைமுடிச் சாயப் பாக்கெட், பிராந்திக் குப்பிகள். ஒரு குப்பியை யாரோ ஞாயிறு பாலர் வகுப்பில் கொடுக்கும் வேதவசனத் தாளில் பக்குவமாகச் சுற்றியிருந்தார்கள். லாட்டரி எடுப்பது பாவம் என்று போன ஞாயிறுதான் சபைப் போதகரான ஐயர் பிரசங்கித்திருந்தார், தெருவே தலையாட்டியது. சாக்கில் லாட்டரிச் சீட்டுகள் பொடிப்பொடியாகக் கிழிந்து கிடந்தன. நான் அவற்றைத் தாள் என்ற இனத்தில் சேர்த்தேன். பாவத்துக்கு என் அட்டவணையில் இடம் இல்லை.

குப்பையைக் கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கலக்குவதுதான் முறை. அப்படிக் கலக்கிக்கொண்டிருந்தபோது முக்கோணமாக மடித்த எண்ணெய்க் காகிதம் ஒன்று கையில் வந்தது. நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரிக்கும் பழம்பொரி சுற்றிய பேக்கரிக் காகிதம். இன்னொன்று வந்தது, இதுவும் முக்கோணம். தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. எங்கள் தெருவில் எதையும் அப்படி மடிக்கிற ஆள் ஒருவர்தான் உண்டு. கண்ணாடி வாங்குகிறவர்களுக்குத் துடைக்கிற துணியை முக்கோணமாக மடித்துக் கூட்டுக்குள் வைத்துக் கொடுப்பவர். அவருக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து அம்மா வீட்டில் சீனி டப்பாவையே இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் சபையில் அறுப்பின் பண்டிகை. பெண்கள் வீட்டில் செய்து கொண்டுவரும் பண்டங்களை ஏலம் விடுவார்கள். வறுத்த சிறுபயற்றை வெல்லப் பாகில் உருட்டிப் பொரித்த அம்மாவின் முந்திரிக்கொத்துக்காக ஆண்கள் ஏலத்தில் போட்டி போடுவார்கள். சிறுபயறு வறுக்கும் பக்குவத்தைக் கேட்டு வரும் பெண்களிடம் அம்மா, "அது கை மணமாக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். பண்டிகைக்கு மறுநாள் சாக்கில் பளபளவென்று ஒரு கட்டுக் கவர் கிடைத்தது. ஒவ்வொன்றிலும் காட்டாக்கடையில் உள்ள ஒரு பலகாரக் கடையின் பெயர். அதன் கீழே, 'வீட்டு முறை முந்திரிக்கொத்து'.

யார் வீடு என்று எனக்குத் தெரியாது, நான்தான் கலக்கிவிட்டேனே. ஆனால் அம்மா அடுப்படியைச் சாத்திக்கொண்டு பண்டம் செய்ததாகச் சொன்ன நாளில் வீட்டில் பயறு வறுத்த மணமே வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. காகிதத்தை ஒரு பையிலும் கவர்களை இன்னொரு பையிலும் போட்டு, இன்னின்ன இனம் என்று சீட்டு ஒட்டினேன். அதன் பிறகு அம்மா அப்பா இருவரையும் பார்த்துச் சிரிப்பை அடக்கியே எனக்கு வயிறு வலித்தது.

எங்கள் வீட்டுத் தராசைப் பேராசிரியர் நம்பவில்லை. எல்லாவற்றையும் கல்லூரிக்கே கொண்டுவந்து எடை போட வேண்டும், ஈரத்தை அங்கேயுள்ள அடுப்பில் உலர்த்தி அளக்க வேண்டும் என்றார். சனிக்கிழமை காலை அப்பா தன் பழைய வேனை எடுத்தார். மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம் இருந்ததால் அம்மாவும் பட்டுச்சேலையில் ஏறிக்கொண்டாள். முன்னால் அவர்கள் இருவரும், பின்னால் சாக்குகளோடும் மூடி போட்ட வாளிகளோடும் நானும். அம்மா மல்லிகைப்பூவை மூக்குக்குப் பக்கமாக இழுத்து விட்டுக்கொண்டாள்.

கேரளத்துக் குப்பையை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து குமரி மாவட்டத்தில் தட்டிவிட்டுப் போகிறார்கள் என்று அப்போது பெரிய பேச்சு. அதனால் எல்லை தாண்டியதும் வண்டிகளை நிறுத்திப் பார்த்தார்கள். எங்களையும் கை காட்டி நிறுத்தினார் ஒரு இளம் போலீஸ்காரர்.

"பின்னால என்ன?"

"வேஸ்ட்டு சார்," என்றேன்.

இந்தப் பதிலை அவர் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. "என்னது?"

"வேஸ்ட்டு."

"கேரளா வேஸ்ட்டா?"

"ஆமா சார்."

அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அந்த இளைஞர் அவசரமாகப் போய் ஏட்டையாவைக் கூட்டிவந்தார். ஏட்டையா பெரிய மீசைக்காரர், நிதானமாக நடந்து வந்தார். நான் அடையாள அட்டையை நீட்டி ஆய்வு, மாதிரி, ஈரப்பதம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"போன வாரம் ஒருத்தன் உரம்னான். அதுக்கு முந்தி ஒருத்தன் கோழித் தீவனம்னான். நீ படிப்புன்னு சொல்லுத. வண்டியைத் திருப்புங்க சார்."

அம்மா இறங்கினாள். கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டு ஏட்டையாவின் முன்னால் போய் நின்றாள். "சார், நீங்க நினைக்கது போல இல்ல. இது நல்ல குடும்பங்கள்ல உள்ள வேஸ்ட்டாக்கும்."

"அப்படியா? தொறந்து காட்டுங்க, பாப்போம்."

சாலையோரத்தில் சாக்கை இறக்கினோம். திருவனந்தபுரத்திலிருந்து வந்த பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது, சன்னலெல்லாம் தலை. நான் முதலில் பேராசிரியருக்குப் போன் செய்தேன். அதற்குள் ஏட்டையா லத்தியின் நுனியால் ஒரு பையைத் தூக்கிவிட்டார். எத்தனையோ பைகள் இருக்க, அவர் தூக்கியது பேக்கரிக் காகிதப் பையை.

"இது என்ன?"

"தாள் சார். எண்ணெய் பட்ட தாள்."

"எல்லாம் ஏன் முக்கோணமா இருக்கு?"

"தெரியாது சார்."

ஏட்டையா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா எதிரே இருந்த விளம்பரப் பலகையைக் கடைசி வரி வரை வாசித்துக்கொண்டிருந்தார், தன் கடைக்கு வருகிறவர்கள் வாசிப்பது மாதிரி.

பேராசிரியர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். இறங்கியதும் போலீஸுக்கு வணக்கம் வைக்கவில்லை, என்னிடம் பேசவில்லை. நேரே சாக்கிடம் போய் முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "மீன்," என்றார். "இப்பத்தான் உங்க தெரு."

அதன் பிறகு அவர் சாலையோரத்தில் குந்தியிருந்து பைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஏட்டையாவுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். எது மக்கும், எது மக்காது, எது மக்குவதுபோல் நடிக்கும். ஏட்டையாவால் நடுவில் புக முடியவில்லை. பளபளக்கிற கவர்களின் பை வந்தது. பேராசிரியர் ஒன்றை வாசித்துவிட்டு மேலும் நாலைந்தைப் புரட்டினார்.

"வீட்டு முறை முந்திரிக்கொத்து. எல்லாம் ஒரே கடை. இத்தனை கவர் ஒரு தெருவுல வர நியாயமே இல்லையே. யாராவது கடை வச்சிருக்காங்களாம்மா?"

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பா பார்த்தார். விளம்பரப் பலகையை விட்டுவிட்டு முழுதாகத் திரும்பியே பார்த்தார். பண்டிகைக்கு மறுநாளிலிருந்து சபையில் கிடைத்த பாராட்டையெல்லாம் அம்மா அவரிடம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லிக் காட்டியிருந்தாள்.

"கல்யாண வீடு ஏதும் இருந்திருக்கும்," என்றாள் அம்மா.

"நம்ம தெருவுல ஏது கல்யாணம்?" என்றார் அப்பா.

"முக்கோணமா காகிதம் மடிக்கிற ஆளு உள்ள தெருவுல கல்யாணமா இருக்காது?"

அப்பா மறுபடி விளம்பரப் பலகைக்குப் போய்விட்டார்.

எங்களைக் காப்பாற்றியது சட்டமோ என் அடையாள அட்டையோ அல்ல. பேராசிரியர் ஈரக் கழிவின் வாளியைத் திறந்தபோது ஏட்டையா குரலைத் தாழ்த்தி, "சார், எங்க வீட்டுல மாடியில குப்பைய உரமாக்கச் சொல்லி வாளி வாங்கி வச்சா வீட்டுக்காரி. ஒரே புழுவும் நாத்தமும். நான்தான் கெடுத்தேன்னு அவ சொல்லுதா" என்றார்.

"மீன் கழுவின தண்ணிய ஊத்துறீங்களா?"

"அது சத்துல்லா?"

பேராசிரியர் தலையில் கை வைத்தார். தண்ணீர் ஊற்றக் கூடாது, ஒரு பிடி ஈரத்துக்கு இரண்டு பிடி காய்ந்த சருகோ தென்னைநார்த் தூளோ போட வேண்டும், வாளியின் அடியில் துளை வேண்டும் என்று சொல்லி, எங்கள் வாளியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதன் மூடியில் வைத்துச் செய்து காட்டினார். இளம் போலீஸ்காரர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். முடிந்ததும் ஏட்டையா மீசையைத் தடவினார்.

"செரி, போங்க. ஒண்ணு சொல்லுதேன். இந்த வேஸ்ட்டு ஒரு துண்டு இஞ்ச தங்கக்கூடாது. சாயங்காலம் இதே வழியாத் திரும்பக் கொண்டு போகணும். நான் பாப்பேன்."

வேன் கிளம்பியது. அம்மா கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி, "அந்தப் பழம்பொரிக் காகிதம் டீச்சர் வீடாயிருக்கும்" என்றாள்.

அப்பா கியரை மாற்றினார். "ஆமா. முந்திரிக்கொத்தும் டீச்சர் வீடாத்தான் இருக்கும்."

"டீச்சர் அப்படிப்பட்டவங்கதான்," என்றாள் அம்மா. நான் ஒரு மீன் வாளியின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பாவம் டீச்சர், அந்நேரம் வீட்டில் ஆப்பிள் இல்லாமல் நிம்மதியாகச் சாளை தின்றுகொண்டிருந்திருப்பார்.

அன்று முழுக்க எடை போட்டோம். ஈரத்தை உலர்த்தும் அடுப்பில் எங்கள் தெரு வெந்ததும், அதே மாடியிலிருந்த வணிகவியல் துறை மொத்தமாகக் கீழே இறங்கிப் புளியமரத்தடியில் வகுப்பு நடத்தியது. சாயங்காலம் மிச்சத்தை வேனில் ஏற்றிக்கொண்டு, கல்யாணச் சாப்பாடு முடித்து நின்ற அம்மாவையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். சாவடியில் ஏட்டையா காத்திருந்தார். பின்கதவைத் திறந்து சாக்குகளை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"காலையில கண்டதவிட கொறவா இருக்கே?"

"காய வச்சதுல கொறஞ்சு போச்சு சார். தண்ணி போச்சு."

அவர் நம்பவில்லை. பேராசிரியரோடு போனில் பேசிய பிறகுதான் விட்டார். குப்பை போதாது என்று ஒரு வண்டியை அந்தச் சாவடியில் நிறுத்தியது அதுதான் முதலும் கடைசியுமாக இருக்கும்.

வீட்டில் அந்த விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை நான் கல்லூரி விட்டு வந்தபோது தெருமுனையிலேயே பயறு வறுக்கிற மணம் அடித்தது. அம்மா அடுப்படிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வியர்த்து வழிய, வெல்லப் பாகை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு கொத்துகள் உதிர்ந்துவிட்டன. அப்பா கடையிலிருந்து வந்து அடுப்படி வாசலில் நின்றார். உதிர்ந்ததில் பாதியை அம்மா ஒரு தட்டில் வைத்து அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"இவ்வளவுதான். பேக்கரிப் பக்கம் கண்டா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

அப்பா நின்றபடியே தின்றார். "கடையில உள்ளதுதான் உதிராம இருக்கும்," என்று சொன்னார். அம்மா கரண்டியை ஓங்கினாள், அடிக்கவில்லை.

ஆய்வு முடிந்ததும் முடிவைத் தெருவுக்குச் சொல்லாமல் இருப்பது முறையல்ல என்றார் பேராசிரியர். சபை மண்டபத்தில் ஒரு சாயங்காலம் எல்லோரையும் கூட்டினேன். ரப்பர் அண்ணன் முன்வரிசையில், டீச்சர் அவருக்குப் பக்கத்தில், அம்மாவும் அப்பாவும் சற்றுத் தள்ளி. மீன்காரச் சேச்சியும் கேள்விப்பட்டு வந்து பின்னால் நின்றார். பிராந்தி, லாட்டரி, முந்திரிக்கொத்து எதையும் நான் வாயில் எடுக்கவில்லை. கண்ணாடி, தாள், பிளாஸ்டிக் என்று மட்டும் படம் போட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும்விட அதிகமாக இந்தத் தெரு எறிவது தின்னாத சாப்பாடு, குறிப்பாகச் சோறு என்று சொல்லி, ஒவ்வொரு வீடும் உலையில் ஒரு பிடி அரிசி குறைத்துப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று முடித்தேன்.

மண்டபத்தில் எல்லோரும் ஒருமித்துத் தலையாட்டினார்கள். ரப்பர் அண்ணன் டீச்சரைப் பார்த்து ஆட்டினார். டீச்சர் எங்கள் அம்மாவைப் பார்த்து ஆட்டினார். அம்மா மொத்தத் தெருவையும் பார்த்து ஆட்டிவிட்டு, வெளியே வந்ததும் என் காதில், "நல்லா உறைக்கிறது போலச் சொன்ன மக்கா. இனியாவது அவங்க திருந்தட்டு" என்றாள்.